ஓட்டைத் துப்பாக்கியில் தொடங்கிய பையன்... ஜான் பிரவுனிங் கதை தெரியுமா உங்களுக்கு?

நைனார்பாளையம் பக்கத்துல இருக்கீங்கன்னா, கல்வராயன் மலையும் புதுசு இல்ல, நாட்டுத் துப்பாக்கி பறிமுதல் செய்தியும் புதுசு இல்ல. அந்தத் துப்பாக்கிகள்ல எது ரொம்ப ஆபத்தான பகுதின்னு நினைக்கிறீங்க? விசையா? மருந்தா? பெரும்பாலும் குழல்தான்! சோதனையே செய்யப்படாத ஏதோ ஓர் இரும்புக் குழாய், எந்த நேரத்திலும் சுடுறவர் கையிலேயே வெடிக்கலாம்.

இதே மாதிரி ஒரு கழிவுக் குழல்ல தன் வாழ்க்கையைத் தொடங்கிய பையன் ஒருத்தன், பிற்காலத்தில் உலகமே பயன்படுத்திய துப்பாக்கிகளை வடிவமைச்சான். அவர்தான் ஜான் மோசஸ் பிரவுனிங்.

1855 ஜனவரியில், அமெரிக்காவின் யூட்டா பகுதியில் இருக்கும் ஆக்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஜோனத்தன், துப்பாக்கி பழுதுபார்ப்பவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள்னு பெரிய குடும்பம். ஜானுக்குப் பட்டறைதான் விளையாட்டு மைதானம்.

குடும்பத்தில் சொல்லப்படும் கதை இது. பத்து வயசு வாக்கில், அப்பா ஓரமாகப் போட்டிருந்த ஒரு பழைய துப்பாக்கிக் குழலை எடுத்தார். ஒரு மரக்கட்டையில் வெச்சு கம்பியால கட்டி, தம்பி மேட்டைக் கூட்டிக்கிட்டு வேட்டைக்குப் போயிட்டார். பறவைகளும் கிடைச்சுது. அப்பா திட்டுவார்னு பார்த்தா, அவர் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துட்டு, இந்த வயசுல இதைவிட நல்லா செய்யக் கூடாதான்னு கேட்டாராம். அந்த ஒரு கேள்வி ஜானை வாழ்நாள் முழுக்க விடவே இல்லை.

1879-ல் அப்பா இறந்தார். அதே வருஷம் ஜானுக்கு முதல் காப்புரிமை கிடைச்சுது. சகோதரர்களோட சேர்ந்து சின்னத் தொழிற்கூடத்தில் அந்தத் துப்பாக்கியைத் தயாரிச்சார். விஷயம் வின்செஸ்டர் கம்பெனி காதுக்குப் போச்சு. 1883-ல் 8,000 டாலர் கொடுத்து அந்த வடிவமைப்பை வாங்கினாங்க. அதுக்கப்புறம் ஜான் வடிவமைக்க, வின்செஸ்டர் தயாரிக்கன்னு 19 வருஷம் ஓடுச்சு.

இப்போ நம்ம கதையின் நாயகன் வர்றான்... பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன். சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி, முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தா காலித் தோட்டா வெளியே வரும். முன்னால் தள்ளினா அடுத்த தோட்டா உள்ளே போகும். இவர் வடிவமைச்சதை 1893-ல் வின்செஸ்டர் வெளியிட்டது. ஆனா அது கருமருந்துத் தோட்டாவுக்கான துப்பாக்கி. அந்தச் சமயத்துலதான் அதிக அழுத்தம் தரும் புகையில்லா மருந்து பரவலா வந்துச்சு. அதைத் தாங்குற பலம் பழைய மாடலுக்கு இல்லை.

என்ன பண்ணாங்க தெரியுமா? சமாளிக்கலை. உடல்பகுதியைத் தடிமனாக்கி, நீளமான தோட்டாவுக்கும் இடம் கொடுத்து, 1897 மாடலைக் கொண்டு வந்தாங்க. 1957 வரைக்கும் தயாரிக்கப்பட்டு, 10 லட்சத்துக்கும் மேல வித்துச்சு!

அதில் டேக்டவுன் வகைன்னு ஒண்ணு உண்டு. குண்டு பல்பை ஹோல்டரில் திருப்பிக் கழற்றுற மாதிரி, கால் சுற்றுத் திருப்பினா குழல் தனியா வந்துடும். ரயிலில் சின்னப் பெட்டியில் எடுத்துட்டுப் போகலாம். வேறு நீளத்தில் இன்னொரு குழலையும் கூடவே வாங்கி வெச்சுக்கலாம்.

அப்போ, பழைய துப்பாக்கிக்கு எந்தக் குழலை வேணா மாட்டலாமா? கூடவே கூடாது. திருகும் இடம் நாளாக ஆகத் தேயும். அந்தத் தளர்வைச் சரிசெய்யவே தனியா ஒரு வளையம் வெச்சிருக்காங்க. தோட்டாவின் அடிப்பக்கத்துக்கும் பூட்டுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் அதிகமானாலும், தோட்டாவின் அடி கிழிஞ்சு முகத்துக்கே ஆபத்து வரலாம். தோட்டா அறையின் நீளம் பொருந்தலைன்னா அழுத்தம் எகிறும். அதனாலதான் புதுக் குழல் மாட்டினா, அதைத் தெரிஞ்சவர் அளந்து பார்த்த பிறகுதான் சுடணும்.

1902-ல், தானா தோட்டா ஏத்துற ஷாட்கன் விஷயத்தில் ராயல்டி தகராறு வந்து, வின்செஸ்டரை விட்டு விலகினார். ரெமிங்டன் கம்பெனித் தலைவரைப் பார்க்கப் போனா, அன்னிக்கே அவர் மாரடைப்பில் இறந்துட்டார். விடலையே மனுஷன்! பெல்ஜியத்துக்குக் கப்பல் ஏறி, எஃப்.என். கம்பெனியோட கைகோத்தார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்ற கைத்துப்பாக்கி இவர் வடிவமைச்ச மாடல்தான். அதுவே முதல் உலகப்போருக்குப் பொறி. அந்தப் போரின் பதுங்குகுழிகளிலும் 1897 ஷாட்கன் வெடிச்சுது. ஒரு கருவி நல்லா வேலை செய்யுதுங்கிறதும், அது நல்லது செய்யுதுங்கிறதும் ஒண்ணு இல்லையே!

128 காப்புரிமைகள் வாங்கியவர், 1926 நவம்பர் 26-ம் தேதி, பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், தொழிற்சாலைக்குள்ளேயே இதயம் நின்னு இறந்தார். அரைகுறையா நின்ன கடைசித் துப்பாக்கியை மகன் வால் முடிச்சார்.

இப்போ உங்களுக்கு ஒரு விஷயம். வீட்டில் தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கி இருந்தா, வீடியோ பார்த்துக் குழலைக் கழற்ற வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி, தனிக் குழலும் ஆயுதக் கணக்குதான். பழுதுபார்க்கவும் குழலை வெட்டிக் குறைக்கவும் லைசென்ஸ் வேணும். லைசென்ஸே இல்லாத நாட்டுத் துப்பாக்கின்னா, குழல் மாத்துற பேச்சுக்கே இடமில்லை. போலீஸில் ஒப்படைக்கிறதுதான் வழி.

ஓட்டைக் குழலை வெச்சு பறவை அடிச்ச பையனுக்குப் பாராட்டு கிடைக்கலை, ஒரு கேள்விதான் கிடைச்சுது. அந்தக் கேள்விதான் அவரை ஓட்டைக் குழலோட நிறுத்தாம காப்பாத்துச்சு!