ராமானுஜனின் சம்பளக் கணக்கு

ராமானுஜன்னா நமக்குக் கணிதம்தான் ஞாபகம் வரும். எனக்கு அவரோட சம்பளக் கணக்கும் முக்கியம். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. மாதம் 30 ரூபாய். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். ஆண்டுக்கு 250 பவுண்டு.

1919-இல் ஊர் திரும்பும் முன் பல்கலைக்கழகம் மறுபடியும் ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. இது தன் தேவைக்கு மேல்னு நோயோடு இருந்தபடியே எழுதினார். பெற்றோருக்கு 50 பவுண்டு, தன் செலவு போக மிச்சம் ஏழை, அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குன்னு கேட்டுக்கொண்டார். 1920-இல், 32 வயதில் காலமானார்.

எனக்கும் கல்விக் கடன் இருக்கு நண்பர்களே. வேலை கிடைச்சதும் கடனை அடைப்போம், வீட்டுக்குக் கொடுப்போம். அதோட, எனக்கு எவ்வளவு போதும்னும் ஒரு கணக்குப் போட்டு வைப்போம்.