கேத்திரகணித வரலாறு கண்ட சரஸ்வதி அம்மையார்

தில்லையடியில் புதுவீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது மேசன்மார் செய்யும் ஒரு காரியத்தை நாம் பலரும் கண்டிருக்கின்றோம். முளை அடித்து நூல் கட்டியபின், ஒரு பக்கத்தில் 3 அடியும் மற்றப் பக்கத்தில் 4 அடியும் அளந்து குறியிட்டு, அவ்விரு குறிகளுக்கும் இடையே குறுக்களவு 5 அடியாக வந்தால் மூலை மட்டம் சரியென்று அவர்கள் துணிவர். இவ்வுண்மையையே வகுப்பறையிற் பைதகரஸ் தேற்றம் என்று நாம் கற்றோம். பாரத நாட்டில் வேள்விச்சாலைக்கு நிலம் அளந்த போதாயனர் முதலியோரும் இதனைத் தம் சுல்ப சூத்திரங்களிற் பொதுவிதியாகவே கூறிவைத்தனர். சுல்பம் என்னும் வடசொல்லுக்குக் கயிறு என்பதே பொருள். அக்கயிற்றின் நுனியைப் பற்றிக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டுக் கேத்திரகணித வரலாற்றை ஆராய்ந்து முறைப்படுத்திய பேரறிஞர் ரி. ஏ. சரஸ்வதி அம்மையார். அன்னாரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர்தல் பொருத்தமெனக் கருதுகின்றோம்.

அம்மையார் 1918ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் செர்ப்புளச்சேரியிற் பிறந்தார். இன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள அவ்வூர், அந்நாளிற் சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்தது. தந்தையார் மாராத்து அச்சுத மேனன். தாயார் குட்டிமாளு அம்மா. சென்னைப் பல்கலைக்கழகத்திற் கணிதமும் பௌதிகமும் கற்றுப் பட்டம் பெற்ற அம்மையார், பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வடமொழியில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆங்கில இலக்கியத்திலும் முதுகலைப் பட்டம் பெற்றார். கணிதத்தை விட்டு வடமொழிக்குப் போனவர் வழிமாறிப் போனார் என்றே அன்று பலர் எண்ணியிருத்தல் கூடும். அவ்வழியே அவரைத் தம் வாழ்நாட் பணிக்கு இட்டுச் சென்றது என்பதைப் பின்னை நிகழ்ச்சிகள் காட்டின.

அக்காலத்தில் அறிஞருலகில் ஒரு கருத்து வேரூன்றியிருந்தது. பாரத நாட்டார் எண்கணிதத்திலும் அட்சரகணிதத்திலும் வல்லவர். கேத்திரகணிதமோ கிரேக்கர்க்கே உரியது. பாரத நாட்டார் விடையைக் கூறுவரேயன்றி நிறுவல் கூறார் என்பதே அக்கருத்து. இதற்கு மாறான சான்றுகள் ஆங்காங்கே வெளிவந்திருந்தன. கேரளத்துக் கணித நூல்களைப் பற்றி விஷ் என்னும் ஆங்கிலேயர் 1834ஆம் ஆண்டிலேயே எழுதினார். சுல்ப சூத்திரங்களைப் பற்றி விபூதிபூஷண தத்தர் 1932இல் நூல் வெளியிட்டார். ஆயினும் வேதகாலம் முதற் கேரளக் கணிதர் காலம் வரை வந்த கேத்திரகணிதம் முழுவதையும் ஒரே தொடர்ச்சியாக எடுத்துக்காட்டும் நூல் தோன்றவில்லை. கணிதம் வல்லார்க்கு வடமொழி தெரியவில்லை. வடமொழி வல்லார்க்குக் கணிதம் தெரியவில்லை. இரண்டும் அறிந்தவர்க்கும் மலையாளத்தில் எழுதப்பட்ட யுக்திபாஷை எளிதில் எட்டவில்லை. இம்மூன்று திறவுகோல்களும் சரஸ்வதி அம்மையார் கையில் இருந்தன.

1950களின் பிற்பகுதியில் அவர் சென்னைப் பல்கலைக்கழக வடமொழித்துறையில், திருவாரூர் தந்த பேரறிஞர் வே. இராகவனின் வழிகாட்டலில் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். கணிதவியலாய்வு வடமொழித்துறையில் நடைபெற்றது என்பது கருதற்பாலது. சுல்ப சூத்திரங்கள், சமண நூல்கள், ஆரியபடர், பிரமகுப்தர், மகாவீரர், பாஸ்கரர் ஆகியோர் நூல்கள், கேரளத்து உரைகள் என அனைத்தையும் மூலமொழியிலேயே கற்று, செய்யுளிற் சுருங்கிக் கிடந்த விதிகளை உருவப்படங்களாக விரித்துக் காட்டினார்.

ஒரு சான்று கூறுவோம். வட்ட நாற்பக்கலின் பரப்பையும் மூலைவிட்டங்களையும் அதன் பக்கங்களைக் கொண்டே காணும் விதிகளைப் பிரமகுப்தர் கி.பி. 628இல் தந்தார். அவை வட்டத்துள் அடங்கும் நாற்பக்கலுக்கே பொருந்தும் என்பதை அவர் வெளிப்படையாகக் கூறாமையாற் பின்வந்தோர் மயங்கினர். பாஸ்கரரும் குறை கூறினார். கேரளத்து அறிஞரோ அவ்விதிகளின் உட்பொருளை உணர்ந்து நிறுவல் வகுத்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் இயற்றிய யுக்திபாஷையில் அந்நிறுவல்கள் மலையாள உரைநடையில் உள்ளன. சங்கமக்கிராமத்து மாதவர் கண்ட வட்டச் சுற்றளவுத் தொடருக்கும் அந்நூலிற் காரணம் கூறப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் அத்தொடர் 17ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. பாரத நாட்டில் நிறுவல் இல்லை என்றோர்க்கு இவற்றினும் வேறு மறுமொழி வேண்டுமோ?

அம்மையார் வீண் பெருமை பேசியவர் அல்லர் என்பதையும் ஈண்டு வற்புறுத்தல் வேண்டும். இரண்டின் வர்க்கமூலத்தை ஐந்து தசமதானங்கள் வரை பிழையின்றித் தந்த சுல்ப ஆசிரியரின் திறமை அவர் நூலிற் பேசப்படுகிறது. கூம்பகத்துக்கும் கோளத்துக்கும் ஆரியபடர் கூறிய கனவளவு விதிகள் பிழைபட்டமையும் அங்கே பேசப்படுகிறது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முழங்குதல் எளிது. அவர் எதனை அறிந்தனர், எதிற் தவறினர் என்று மூலங்கொண்டு காட்டுதலே அரிது. அம்மையார் அரியதையே செய்தார்.

இத்தகைய அறிஞர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை வகுப்பறையிலேயே கழித்தார். திருச்சூர் கேரளவர்மக் கல்லூரியிலும், எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரியிலும், இராஞ்சி மகளிர் கல்லூரியிலும் கற்பித்தார். 1973 முதல் 1980 வரை தன்பாத்தில் ஒரு மகளிர் கல்லூரியின் அதிபராக விளங்கினார். பௌதிக ஆசிரியையும் மலையாள நாவலாசிரியையுமாகிய தங்கை இராஜலட்சுமியை 1965இல் இழந்தார். அப்போது அத்தங்கைக்கு 35 வயதும் நிரம்பவில்லை. ஆராய்ச்சி தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1979இலேயே பண்டைய, இடைக்கால இந்தியாவின் கேத்திரகணிதம் பற்றிய அவரது ஆங்கில நூல் வெளிவந்தது. வழிகாட்டிய இராகவன் மறைந்ததும் அவ்வாண்டிலேதான்.

பெரிய பதவியும் விருதும் அவரை நாடிவரவில்லை. எனினும் இத்துறையிற் புகுவார் எவரும் அந்நூலைக் கல்லாது மேற்செல்லல் இயலாதாயிற்று. ஜப்பானிய அறிஞர் மிச்சியோ யானோவும் அது இத்துறைக்கு உறுதியான அடித்தளம் இட்டதென மதித்தார். ஓய்வுபெற்றபின் எர்ணாகுளத்தில் வாழ்ந்த அம்மையார், 1999இல் நூலின் இரண்டாம் பதிப்பைக் கண்டு, 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் காலமானார். 2002 முதற் கேரளக் கணிதச் சங்கம் அவர் பெயரால் நினைவுப் பேருரை நடத்தத் தொடங்கியது.

நம் மாணவர்க்கு ஒரு வார்த்தை. உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவென்றும் கலைப் பிரிவென்றும் இரு வாயில்களை அமைத்து, ஒன்றிற் புகுந்தவர் மற்றதை எட்டிப் பாராதபடி செய்துவிட்டோம். கணிதம் பயில்வோன் பழந்தமிழ் ஏட்டைத் தொடுவதில்லை. ஏடு பயில்வோன் எண்ணைக் கண்டு அஞ்சுகின்றான். இவ்விரு வாயில்களுக்கும் இடையிலுள்ள சுவரில் எத்தனையோ உண்மைகள் இன்னும் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் திறக்க, இரண்டு வாயில்களிலும் புகுந்து வந்த ஒருவர் வேண்டியிருந்தது. நம் கல்லூரியின் மாணவர் எவரேனும் இனி ஒருநாள் அத்திவாரத்தில் நூல் கட்டுவதைக் கண்டு நின்று, இவ்வறிவு எங்கிருந்து வந்தது என்று வினவுவாராயின், அதுவே அம்மையார்க்கு நாம் செய்யும் உண்மையான நினைவஞ்சலியாகும்.