கைக்குள் அடங்கும் விளையாட்டைத் தந்த குன்பெய் யோக்கோய்

முன்னுரை

உலகில் பிறந்தோர் பலர். தம் உழைப்பால் பிறர் உள்ளத்தில் இடம் பெற்றோர் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜப்பான் நாட்டுப் பொறியாளர் குன்பெய் யோக்கோய். சட்டைப் பைக்குள் அடங்கும் மின்னணு விளையாட்டுக் கருவியை உலகின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்த பெருமை அவரையே சாரும்.

புனிதர்களும் அறிவியல் மேதைகளும் இடம் பெறும் ஆண்டு மலரில் விளையாட்டுப் பொருள் செய்த ஒருவருக்கு என்ன வேலை என்று நம் பெற்றோர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அவர் வாழ்வை ஊன்றிப் பார்த்தால், விளையாட்டை விடப் பெரிய ஒன்று அதில் நமக்குக் கிடைக்கிறது. விலை உயர்ந்த பொருளும் புத்தம் புதிய கருவியும் இருந்தால்தான் எதையும் சாதிக்க முடியும் என்ற எண்ணத்தை அவர் தம் கைகளாலேயே பொய்யாக்கினார்.

பிறப்பும் கல்வியும்

யோக்கோய் 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் கியோட்டோ நகரில் பிறந்தார். கோயில்களுக்கும் கைவினைத் தொழில்களுக்கும் பெயர் பெற்ற பழைய தலைநகரம் அது. ஜப்பான் இரண்டாம் உலகப் போரில் குதித்ததும் அதே ஆண்டில்தான். ஆகவே அவருடைய குழந்தைப் பருவம் போரிலும், போர் விட்டுச் சென்ற பற்றாக்குறையிலும் கழிந்தது.

அவர் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்றார். இக்கல்வி நிலையம் 1875ஆம் ஆண்டு ஜோசப் ஹார்டி நீஷிமா என்ற ஜப்பானியக் கிறிஸ்தவரால் தொடங்கப்பட்டது என்பது நாம் அறிந்து மகிழ வேண்டிய செய்தி. படிப்பு முடிந்ததும் பெரிய மின்பொருள் நிறுவனங்களில் யோக்கோய்க்கு வேலை கிடைக்கவில்லை. 1965ஆம் ஆண்டு உள்ளூரிலேயே இருந்த நின்டெண்டோ என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். இன்று உலகப் புகழ் பெற்ற அந்நிறுவனம் 1889இல் தோன்றியது முதல் ஹனாஃபுதா என்னும் மலர்ப் படச் சீட்டுகளைச் செய்து விற்று வந்தது. சீட்டு தயாரிக்கும் இயந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக்கொள்வதே யோக்கோயின் வேலை.

பழுது பார்ப்பவர் படைப்பாளரானார்

இயந்திரங்கள் ஒழுங்காக ஓடும்போது அவருக்கு ஓய்வு நேரம் மிகுந்திருந்தது. அந்நேரத்தை அவர் வீணாக்கவில்லை. கத்தரிக்கோல் போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைப் பிணைத்து, கைப்பிடியை அழுத்தினால் நீண்டு சென்று தொலைவில் உள்ள பொருளைப் பற்றும் ஒரு விளையாட்டுக் கையைச் செய்தார். ஒரு நாள் நிறுவனத் தலைவர் ஹிரோஷி யாமாவுச்சி அதைக் கண்டுவிட்டார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று சினந்து கொள்வதற்கு மாறாக, அதையே விற்பனைப் பொருளாக்கும்படி பணித்தார். அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயருடன் 1966இல் அது கடைகளுக்கு வந்தது. பத்து இலட்சத்திற்கும் மேல் விற்றது. பழுது பார்க்கும் பணியாளராக நுழைந்தவர் விளையாட்டுப் பொருள்களை உருவாக்குபவராக உயர்ந்தார்.

அவருடைய தனிப் போக்கை விளக்க ஒரு பொருள் போதும். வானொலி அலையால் இயங்கும் பொம்மைக் கார்கள் அக்காலத்தில் மிகுந்த விலை விற்றன. அவற்றை எளிய குழந்தைகளுக்கும் எட்டும் விலையில் தருவது எப்படி என்று யோக்கோய் சிந்தித்தார். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் திரும்பும் காருக்குப் பல உறுப்புகள் தேவை. எனவே இடப்பக்கம் மட்டுமே திரும்பும் காரை 1972இல் செய்தார். பந்தயப் பாதை வட்டமாகத்தானே இருக்கிறது! அதில் சுற்றிவர ஒரு பக்கத் திருப்பமே போதும். குறையையே நிறைவாக்கிக் கொண்ட திறத்தை என்னென்பது!

இரயில் பயணம் தந்த எண்ணம்

1970களில் ஜப்பானில் கால்குலேட்டர் நிறுவனங்களுக்கிடையே கடும் போட்டி நிலவியது. அதன் பயனாகச் சிறு சில்லுகளும் திரவப் படிகத் திரைகளும் மலிவாயின. அக்காலத்தில் அதிவேக இரயிலில் பயணம் செய்த யோக்கோய், அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி விளையாடிக் கொண்டிருப்பதைக் கண்டார். பெரியவர்களும் பிறர் கண்ணில் படாமல் கைக்குள் வைத்து விளையாட ஒரு சிறு கருவி இருந்தால் நலமாயிருக்குமே என்று அவருக்குத் தோன்றியது.

அவ்வெண்ணமே கேம் அண்ட் வாட்ச் என்ற கருவியாக 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் வெளிவந்தது. பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தைக்காரனே முதல் விளையாட்டு. விளையாடாத வேளையில் அது கடிகாரமாகவும் பயன்பட்டது.

அது வேலை செய்யும் முறை மிக எளிது. கால்குலேட்டரில் எட்டு என்ற எண் ஏழு சிறு கோடுகளால் ஆனது. வேண்டிய கோடுகளுக்கு மட்டும் மின்சாரம் சென்றால் வேண்டிய எண் தெரிகிறது. யோக்கோய் அக்கோடுகளுக்குப் பதிலாக வித்தைக்காரனின் கை, பந்து ஆகியவற்றின் உருவங்களை வெவ்வேறு நிலைகளில் திரையில் அமைத்தார். ஒன்றன் பின் ஒன்றாக அவை தோன்றி மறையும்போது பந்து பறப்பது போல நம் கண்ணுக்குத் தெரிகிறது. பொத்தான் வடிவச் சிறு பாட்டரிகளே அதற்குப் போதுமானவை. 1991 வரை வெவ்வேறு விளையாட்டுகளுடன் வந்த இக்கருவிகள் உலகெங்கும் 4 கோடியே 34 இலட்சம் விற்றன.

சிலுவை வடிவப் பொத்தான்

1982இல் டாங்கி காங் என்ற விளையாட்டை இக்கருவியில் கொண்டுவர வேண்டியிருந்தது. பொம்மை மனிதன் நான்கு திசையிலும் செல்ல வேண்டும். பெரிய இயந்திரங்களில் அதற்கு ஒரு நெம்புகோல் இருக்கும். புத்தகம் போல மடிந்து மூடும் சிறு கருவியில் நீட்டிக் கொண்டிருக்கும் நெம்புகோலுக்கு இடமேது? யோக்கோய் சிலுவை வடிவில் தட்டையான ஒரே பொத்தானை அமைத்தார். மேல், கீழ், இடம், வலம் என எத்திசையில் அழுத்துகிறோம் என்பதைக் குனிந்து பாராமலே கட்டைவிரல் உணர்ந்து கொள்ளும். மறு ஆண்டு வெளியான நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவியிலும் அதுவே இடம் பெற்றது. இன்று எந்த விளையாட்டுக் கருவியைக் கையில் எடுத்தாலும் பெரும்பாலும் அந்தப் பொத்தான், அல்லது அதை ஒத்த ஒன்று, இருப்பதைக் காணலாம்.

கேம் பாய்

அவருடைய பணிகளுக்கெல்லாம் மணிமுடியாக அமைந்தது 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்த கேம் பாய். அவர் தலைமையில் சத்தோரு ஒகாதா முதலிய பொறியாளர்கள் உழைத்து அதை உருவாக்கினர். ஒரு கருவியில் ஒரே விளையாட்டு என்ற நிலை மாறி, அட்டையை மாற்றினால் விளையாட்டும் மாறும் வசதி அதில் இருந்தது. இரு கருவிகளைக் கம்பியால் இணைத்து இருவர் சேர்ந்து விளையாடவும் முடிந்தது.

அப்போது போட்டி நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. அட்டாரி நிறுவனத்தின் லிங்க்ஸ் அதே ஆண்டிலும், செகாவின் கேம் கியர் 1990இலும் வண்ணத் திரையுடன் வந்தன. கேம் பாயின் திரையிலோ வண்ணமும் இல்லை, உள்விளக்கும் இல்லை; பசுமை கலந்த நான்கே நிறச் சாயல்கள். அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144 புள்ளி, அவ்வளவுதான். பார்ப்போர் சிரித்திருப்பர். ஆனால் வண்ணக் கருவிகள் ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டன. கேம் பாய் நான்கு பாட்டரிகளில் பதினைந்து மணி நேரம் போல ஓடியது. விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. 1991 வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் மேற்பகுதி கருகிய ஒரு கேம் பாய் தொடர்ந்து இயங்கியது. நியூயார்க் நகரில் உள்ள நின்டெண்டோ கடையில் அது நெடுங்காலம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது.

கேம் பாயும் அதன் பின் வந்த வண்ணக் கேம் பாயும் சேர்ந்து 11 கோடியே 86 இலட்சத்திற்கும் மேல் விற்றன. அதற்கு மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984இல் படைத்த டெட்ரிஸ் என்னும் கட்டம் அடுக்கும் விளையாட்டும் பெருந்துணை புரிந்தது.

யோக்கோயின் கொள்கை இதுதான்: நன்கு பழகி, விலை மலிந்து, புதுமை வாடிப்போன தொழில்நுட்பத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும், அதை எவரும் எண்ணாத வேறொரு வழியில் பயன்படுத்த வேண்டும். பழைய பொருளின் குணமும் குற்றமும் நமக்கு முன்பே தெரியும். ஆகவே பணமும் காலமும் மிச்சமாகும். சிந்தனைக்கு வேலை கூடும்.

தோல்வியும் விலகலும்

வெற்றி மட்டுமே கண்ட மனிதர் உலகில் இல்லை. 1995இல் யோக்கோய் உருவாக்கிய வர்ச்சுவல் பாய் என்ற கருவி, கண்ணருகே வைத்துப் பார்த்தால் காட்சிகளை முப்பரிமாணத்தில் காட்டியது. மலிவு கருதிச் சிவப்பு ஒளி மட்டுமே அதில் பயன்பட்டது. கறுப்பிலும் சிவப்பிலும் தெரிந்த காட்சிகளை நெடுநேரம் பார்ப்பது பலருக்குத் துன்பமாக இருந்தது. மேசை மீது நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டியிருந்ததால் பையில் போட்டுச் செல்லவும் இயலவில்லை. ஏறத்தாழ 7 இலட்சத்து 70 ஆயிரம் விற்ற நிலையில், ஓராண்டுக்குள் விற்பனை நின்றது. எந்த எளிமை அவரை உயர்த்தியதோ, அதே எளிமை இங்கே கைகொடுக்கவில்லை. மலிவாக இருந்தால் மட்டும் போதாது. பயன்படுத்துவோரின் உடலுக்கும் மனத்துக்கும் இதமாகவும் இருக்க வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம்.

ஆயினும் அவர் சோர்ந்து அமரவில்லை. கேம் பாயைச் சிறிதாக்கி, இரு மெல்லிய பாட்டரிகளில் இயங்கும் கேம் பாய் பாக்கெட்டை 1996 ஜூலையில் வெளிக்கொணர்ந்த பின்னரே, 31 ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனத்திலிருந்து ஆகஸ்டில் விலகினார். கியோட்டோவில் கோட்டோ என்ற தம் சொந்த ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்திற்காகப் புதிய கையடக்கக் கருவி ஒன்றை அமைக்கும் பணியிலும் ஈடுபட்டார்.

மறைவு

1997ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இஷிக்காவா மாநில நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் முன்னே சென்ற வண்டியுடன் மோதியது. சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கிய அவர் மீது வேறொரு கார் மோதியது. 56 வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் தொடங்கி வைத்த வொண்டர்ஸ்வான் 1999இல் வெளிவந்தது. ஒரே ஒரு பாட்டரியில் முப்பது மணி நேரத்திற்கும் மேல் ஓடிய அக்கருவியுடன் வந்த ஒரு விளையாட்டுக்கு அவர் நினைவாகக் குன்பே என்றே பெயரிட்டனர்.

இன்றும் தொடரும் அவர் வழி

இன்று பல நாடுகளில் மாணவரும் பெரியவரும் பொழுதுபோக்காகத் தாங்களே கையடக்க விளையாட்டுக் கருவிகளைச் செய்கிறார்கள். மைக்ரோகண்ட்ரோலர் என்னும் ஒரு சில்லு, தபால்தலை அளவுத் திரை, ஐந்தாறு பொத்தான்கள், ஒலி எழுப்பும் பஸ்ஸர், பாட்டரி ஆகியவையே முக்கிய உறுப்புகள். பழைய வகை ஆர்டுயினோ பலகைகளில் உள்ள ஏடிமெகா 328 சில்லின் தற்காலிக நினைவகம் 2,048 பைட்டுகள். 128க்கு 64 புள்ளிகள் உள்ள கறுப்பு வெள்ளைத் திரையின் படத்தை நினைவில் வைக்கவே 1,024 பைட்டுகள் தேவை. பாதி இடம் அதிலேயே போய்விடுகிறது! மீதியில்தான் விளையாட்டு முழுவதையும் நடத்த வேண்டும். இல்லத்தரசி மாதக் கடைசியில் பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பது போல, ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவிட வேண்டும்.

பொத்தானிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு முறை அழுத்தினாலும் உள்ளே உள்ள உலோகத் தகடு நொடியில் பல முறை அதிர்ந்து தொடுவதால், சில்லு அதைப் பல அழுத்தமாக எண்ணிவிடும். சில மில்லி நொடிகள் பொறுத்து மறுபடியும் பார்க்குமாறு நிரல் எழுதினால் குறை தீரும். சால்டரிங் செய்யும்போதும், லித்தியம் பாட்டரியைக் கையாளும்போதும் பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம்.

முடிவுரை

அன்புத் தோழியரே! விளையாட்டுக் கருவிகள் படிப்பு நேரத்தைத் தின்றுவிடும் என்ற பெற்றோரின் அச்சத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது. ஆனால் வாங்கி விளையாடுவது வேறு. அது எப்படி இயங்குகிறது என்று அறிந்து நாமே ஒன்றைச் செய்து பார்ப்பது வேறு. முன்னது நேரத்தை எடுக்கும். பின்னது அறிவைக் கொடுக்கும்.

ஒரு தாலந்தைப் பெற்றவன் அதை மண்ணில் புதைத்ததால் தலைவனின் சினத்திற்கு ஆளானான் என்று நற்செய்தியில் காண்கிறோம். யோக்கோய்க்குக் கிடைத்ததும் சீட்டுத் தொழிற்சாலையின் ஒரு மூலையும், சிறிது ஓய்வு நேரமும், மலிந்த பொருள்களும்தாம். அவர் அவற்றைப் புதைக்கவில்லை. சிறந்த ஆய்வுக்கூடம் இல்லையே, விலை உயர்ந்த கணினி இல்லையே என்று நாம் ஏங்கி நிற்க வேண்டியதில்லை. நம் கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு, பிறர் காணாத பயனை அதில் காண்போம். உழைப்போம், உயர்வோம்!