வாடகை கேட்காத செட்டியார்

செரண்டா வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, சம்பள நாளுக்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு டின் அரிசி கடன் வாங்குவது புதிதல்ல. மகாகவி பாரதியார் குடும்பமும் அண்டை அயலாரின் தயவில்தான் பல நாள் தள்ளியது.

1908இல் கைதுக்குத் தப்பி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார் பாரதியார். அங்கிருந்து வெளிவந்த ‘இந்தியா’ பத்திரிகை 1910இல் நின்றது; வருமானமும் நின்றது. மனைவி செல்லம்மாள், இரண்டு பெண் பிள்ளைகள், வாசலில் பிரிட்டிஷ் ஒற்றர்கள். அந்த வீட்டுப் படியேறினாலே போலீஸ் கண்ணில் படவேண்டும். அப்படியும் மக்கள் ஏறினார்கள்.

வீட்டுக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்பார்கள். வாடகைக்கு வருவார், பாட்டைக் கேட்பார், பணப் பேச்சே எடுக்காமல் போய்விடுவார். நண்பர் வ.ரா. இதை எழுதி வைத்திருக்கிறார். அருகில் வசித்த மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி, பாரதியார் வீட்டுப் பிள்ளை போலவே வளர்ந்தார். அவரும் பின்னாளில் நினைவுகளை நூலாக்கினார். சமையல் அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு செல்லம்மாள் யார் வீட்டு வாசலில் நின்றிருப்பார் என்று நாம் நினைப்பதில்லை!

பத்தாண்டு இப்படி ஓடியது. 1918இல் புதுச்சேரியை விட்டார், கடலூரில் கைதானார். பிறகு சென்னை வாசம். 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியபோது, அதன் காலடியில் பாய்ந்து அவரைத் தூக்கி வந்தவர் குவளைக்கண்ணன். புதுச்சேரிக் கஷ்ட காலத்தில் கிடைத்த அதே தோழர்.