கண்ணீரோடு காத்திருந்த மனைவி: மோனிக்கா அம்மாள்



மோனிக்கா என்று சொன்னவுடனே நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஒரு ஜெபிக்கிற தாய். வழிதப்பிப்போன மகன் அகஸ்டினுக்காக வருஷக்கணக்காய் அழுது ஜெபித்து, கடைசியில் அவனைக் கர்த்தருடைய பிள்ளையாகக் கண்ட தாய். தாய்மார் கூட்டங்களில் இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அந்த அம்மாள் தாயாக அழுவதற்கு முன்னாலேயே மனைவியாக அழுதவர். அவருடைய புருஷன் அவருக்கு உண்மையாய் இருக்கவில்லை. இந்தப் பக்கத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன் தெரியுமா? ஜெப விண்ணப்பச் சீட்டுகளை வாசிக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வியாதியை எழுதுவார்கள், கடனை எழுதுவார்கள், பிள்ளையின் வேலையை எழுதுவார்கள். ஆனால் புருஷனோ மனைவியோ துரோகம் செய்துவிட்டால் அதை யாரும் எழுதுவதில்லை. குடும்ப சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னாலே எவ்வளவு கண்ணீர்! அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்த அம்மாளின் கதை. அவரை வணங்குவதற்காக அல்ல, அவருடைய விசுவாசத்திலிருந்து கற்றுக்கொள்வதற்காக.

இதையெல்லாம் நமக்கு எழுதிவைத்தவர் மகன் அகஸ்டின்தான். அம்மா இறந்து சுமார் பத்து வருஷங்களுக்குப் பிறகு, தேவனுக்கு முன்பாகத் தன் வாழ்க்கையை அறிக்கையிட்டு எழுதின புஸ்தகத்திலே, அப்பாவின் பாவத்தையும் மறைக்காமல், அம்மாவின் பொறுமையையும் மறக்காமல் சொல்லியிருக்கிறார்.

சிறுவயது

மோனிக்கா அம்மாள் 331 அல்லது 332-ம் ஆண்டு வாக்கில் வட ஆப்பிரிக்காவில் தகஸ்தே என்ற சின்னப் பட்டணத்தில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்று அழைக்கப்படுகிறது. விசுவாசிகளின் குடும்பம். அவருடைய தகப்பனாரையே குழந்தையில் தூக்கி வளர்த்த ஒரு வயதான வேலைக்கார அம்மாள்தான் இவரையும் கண்டிப்போடு வளர்த்தார்.

அப்படி வளர்ந்தும் சின்ன வயதில் ஒரு கண்ணியில் விழுந்தார். பீப்பாயிலிருந்து திராட்சரசம் எடுத்துவர அனுப்பும்போது விளையாட்டாக ஒரு வாய் குடிப்பார். ஒரு வாய் இரண்டாகி, கடைசியில் கிண்ணம் நிறையக் குடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு சண்டை வந்தபோது, அவள் குடிகாரி என்று முகத்துக்கு நேரே திட்டிவிட்டாள். அந்த வார்த்தை முள்போலத் தைத்தது. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். பாவம் எப்படித் துளித்துளியாய் வீட்டுக்குள் வருகிறது என்று அவருக்கு அந்த வயதிலேயே தெரிந்துவிட்டது.

கல்யாணமும் காயமும்

பெற்றோர் அவரை பத்ரீசியு என்பவருக்குக் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். ஊர் மன்றத்தில் அங்கத்தினர். கொஞ்சம் நிலம் உண்டு, பெரிய பணக்காரர் அல்ல. கிறிஸ்துவை அறியாதவர். நல்ல மனசுக்காரர்தான், ஆனால் கோபம் வந்தால் நெருப்பு. அதோடு வேறு பெண்களிடம் போகிற பழக்கமும் அவருக்கு இருந்தது.

அந்த நாளின் ரோம சட்டம் எப்படி இருந்தது தெரியுமா? மனைவி தவறினால் குற்றம், தண்டனை. புருஷன் அடிமைப் பெண்களிடமோ வேசிகளிடமோ போனால் அது குற்றமே இல்லை. ஊரும் ஒன்றும் கேட்காது. ஆகவே மோனிக்கா அம்மாளுக்கு முறையிட ஒரு இடமும் இல்லை. தேவ சமூகம் ஒன்றுதான் இருந்தது.

354-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி அகஸ்டின் பிறந்தான். நவீகியு என்ற இன்னொரு மகனும், ஒரு மகளும் உண்டு. பத்ரீசியு கிறிஸ்துவை நோக்கித் திரும்பினது 370-ம் ஆண்டு வாக்கில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தது பதினாறு வருஷம்! நாம் பதினாறு நாள் உபவாசித்து ஜெபித்து பதில் வரவில்லையென்றால், தேவன் கேட்கிறாரா என்று சந்தேகப்படுகிறோம். அந்த அம்மாள் பதினாறு வருஷத்துக்கு மேலாக அதே வீட்டில், அதே மனுஷனுக்குச் சமைத்துப் போட்டு, ஒரு மாற்றத்தையும் காணாமல் ஜெபித்தார். இதைவிடப் பெரிய விசுவாசப் போராட்டம் எது?

எப்படிக் காத்திருந்தார்?

புருஷனுடைய துரோகத்தைக் குறித்து அவர் ஒருநாளும் சண்டை போடவில்லை என்று அகஸ்டின் எழுதுகிறார். தேவனுடைய இரக்கம் அவர்மேல் வரும், விசுவாசம் வந்தால் கற்பும் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது, வியாதியின் வேர் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டார். அந்தப் பெண் யார், இந்தப் பெண் யார் என்று அலையாமல், புருஷனுடைய ஆத்துமாவுக்காகவே திறப்பிலே நின்றார். பேதுரு அப்போஸ்தலன் தன் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் சொல்லுகிறதை அப்படியே வாழ்ந்து காட்டினார்.

அதற்காக அவர் வாயில்லாப்பூச்சி என்று நினைக்காதீர்கள். பத்ரீசியு கோபத்தில் கத்தும்போது எதிர்த்துப் பேசமாட்டார். கோபம் தணிந்து மனுஷன் நிதானத்துக்கு வந்தபிறகு, தான் செய்ததின் நியாயத்தை அமைதியாக எடுத்துச் சொல்லுவார். சொல்லவேண்டியதைச் சொன்னார், நேரம் பார்த்துச் சொன்னார்.

மாமியார் கதையும் உண்டு. வேலைக்காரிகள் கோள் சொல்லிச் சொல்லி, ஆரம்பத்தில் மாமியார் இவருக்கு விரோதமாகவே இருந்தார். இவரோ பணிவிடையிலும் பொறுமையிலும் குறைவைக்கவில்லை. கடைசியில் மாமியாரே மகனிடத்தில் போய், வீட்டைக் கெடுக்கிறது யார் என்று சொல்லிவிட்டார். பத்ரீசியு கோள் சொன்னவர்களைத் தண்டித்தார். அதன்பிறகு மாமியாரும் மருமகளும் அவ்வளவு பிரியமாக வாழ்ந்தார்களாம். இரண்டு பேருக்குள் பகை இருந்தால், ஒருத்தி சொன்ன கசப்பை இன்னொருத்தியிடம் இவர் கொண்டுபோகவே மாட்டார். ஒப்புரவாக்க உதவுகிற வார்த்தையை மட்டும் கொண்டுபோவார். நம் சபைகளுக்கு இது எவ்வளவு தேவை!

ஒரு எச்சரிப்பு

இந்த இடத்தில் நான் வெளிப்படையாகப் பேசவேண்டும். அந்த ஊரில் பல பெண்கள் புருஷனிடம் அடிவாங்கின தழும்போடு வந்து, கோபக்கார பத்ரீசியு உன்னை மட்டும் அடிக்காதது எப்படி என்று இவரிடம் கேட்பார்களாம். பணிந்து போங்கள் என்பதுதான் இவர் சொன்ன ஆலோசனை. அது அந்தக் காலத்தின் ஆலோசனை. இன்று இதை எடுத்துக்கொண்டு, அடிவாங்குகிற ஒரு சகோதரியிடம் நீயும் மோனிக்காபோல வாயை மூடிக்கொண்டிரு என்று சொன்னால் அது பாவம். ஆபத்தில் இருக்கிறவர்கள் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும். அப்புறம் ஜெபிப்போம்.

அகஸ்டினே பின்னாளில் ஹிப்போ பட்டணத்தில் பேராயராக ஆனபிறகு என்ன பிரசங்கித்தார் தெரியுமா? மனைவியிடம் கற்பை எதிர்பார்க்கிற புருஷன், தானும் அதே கற்போடு இருக்கவேண்டும் என்று ஆண்களைக் கடிந்துகொண்டார். புருஷனுடைய விபசாரத்தைக் கிறிஸ்தவ மனைவிகள் சும்மா பொறுத்துக்கொள்வதைத் தான் விரும்பவில்லை என்றும், அவன் ஆத்துமாவின்மேல் அவர்களுக்கு வைராக்கியம் வேண்டும் என்றும் போதித்தார். அம்மாவின் கண்ணீரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அல்லவா!

புருஷன் திரும்பினார்

370-ம் ஆண்டு வாக்கில் பத்ரீசியு சபையின் போதனையைக் கேட்கிறவர்களில் ஒருவராகச் சேர்ந்தார். உடனே தேவதூதனாக மாறிவிடவில்லை. அதே சமயத்தில் மகனுக்குப் பதினாறு வயது. மகன் வாலிபனாகிவிட்டான் என்று தகப்பன் பேரப்பிள்ளைகளை நினைத்துச் சந்தோஷப்பட்டார், தாயோ அவன் எங்கே வழிதவறுவானோ என்று நடுங்கினார். ஒரே வீட்டில் இரண்டு இருதயம். ஆனாலும் கர்த்தர் தொடங்கின கிரியையை முடித்தார். பத்ரீசியு விசுவாசியாகி, கொஞ்ச காலத்தில், 371-ம் ஆண்டு வாக்கில் மரித்தார். விசுவாசியானபிறகு, முன்பு சகித்த காரியங்களுக்காக மோனிக்கா அம்மாள் அழவேண்டிய அவசியம் வரவில்லை என்று மகன் சாட்சி எழுதியிருக்கிறார். அல்லேலூயா!

பதினாறு வருஷத்துக்கு மேலான காத்திருப்புக்குப் பிறகு கிடைத்தது கொஞ்ச காலம்தான். இது நியாயமா ஆண்டவரே என்று நமக்குக் கேட்கத் தோன்றும். கேட்கலாம். சங்கீதக்காரனும் கேட்டானே. ஆனால் அந்தக் கொஞ்ச காலத்தை அந்த அம்மாள் எவ்வளவு மதித்தார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மகனிடத்தில் தொடர்ந்த தழும்பு

பாவம் மன்னிக்கப்பட்டாலும் அதன் விளைவு வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். கார்த்தேஜ் பட்டணத்துக்குப் படிக்கப்போன அகஸ்டின் கல்யாணம் இல்லாமலே ஒரு பெண்ணோடு வாழ்ந்தான், ஒரு மகனும் பிறந்தான். மானி மதத்தாரோடு ஒன்பது வருஷம் கழித்தான். 383-ம் ஆண்டு கடற்கரையில் அம்மாவிடம் பொய் சொல்லி, சிப்ரியானின் நினைவிடத்தில் அவர் ஜெபித்துக்கொண்டிருந்த இரவிலே ரோமுக்குக் கப்பலேறிப் போய்விட்டான். மகன் போகக்கூடாது என்பதுதான் அன்றைய ஜெபம். தேவன் அந்த ஜெபத்துக்கு இல்லை என்றார். ஆனால் அந்தக் கப்பல்தான் அவனை மிலான் பட்டணத்தில் அம்புரோஸ் பேராயரின் பிரசங்கத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது!

இந்த அம்மாள் குறையே இல்லாதவர் அல்ல. 385-ம் ஆண்டு மிலானுக்கு வந்தபிறகு மகனுக்கு வசதியான சம்பந்தம் பேசினார். அதனால் பல வருஷம் கூடவாழ்ந்த அந்தப் பெண் பிள்ளையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போகவேண்டியதாயிற்று. தான் அனுபவித்த வேதனையை அறிந்தவரே இன்னொரு பெண்ணின் வேதனையைப் பார்க்கத் தவறினார். பரிசுத்தவான்களையும் தேவகிருபைதான் தாங்குகிறது.

386-ல் அகஸ்டின் மனந்திரும்பினார். 387-ம் ஆண்டு ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார்.

கல்லறையில் ஒரு சாட்சி

அதே 387-ம் ஆண்டு ஊர் திரும்பும் வழியில், ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா துறைமுகத்தில் அம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள், 56-ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இங்கேதான் என் மனதை மிகவும் தொட்ட ஒரு காரியம் வருகிறது. தன்னைப் புருஷனுடைய கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்று அவர் வெகுகாலமாக ஆசைப்பட்டு, அதற்கு இடமும் ஆயத்தம் செய்துவைத்திருந்தார். ஏனென்றால் இருவரும் அவ்வளவு ஒருமனமாய் வாழ்ந்திருந்தார்களாம். சற்றே யோசியுங்கள்! துரோகம் செய்த புருஷன். செத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் பக்கத்திலேயே படுத்திருக்க ஆசை. பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தவளுக்கு இந்த ஆசை வருமா? அந்தக் கல்யாணத்தைக் கர்த்தர் மெய்யாகவே குணமாக்கியிருந்தார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசி நாட்களில் அந்த ஆசையையும் தேவனிடத்தில் விட்டுக்கொடுத்தார். எங்கே அடக்கம் செய்தாலும் சரி, உயிர்த்தெழுப்புகிற தேவனுக்கு அந்த இடம் தூரம் அல்ல என்று சமாதானமாய் இருந்தார். 1945-ம் ஆண்டு ஓஸ்தியாவில் இரண்டு பையன்கள் விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டினபோது, அவருடைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு கிடைத்தது.

நமக்கு என்ன?

துரோகத்தால் காயப்பட்ட தேவப்பிள்ளையே, உன் கண்ணீர் விசுவாசக் குறைவு அல்ல. மன்னிப்பது வேறு, மறுபடியும் நம்புவது வேறு. மன்னிப்பை ஒரு ஜெபத்தில் தொடங்கலாம், நம்பிக்கை திரும்ப வர வருஷங்கள் ஆகலாம். மோனிக்கா அம்மாளுக்குச் சமாதானம் வந்தது புருஷன் நடத்தையை விட்டுத் திரும்பினபிறகுதான். திரும்பாதவரோடு சேர்ந்திருக்க முடியாமல் போனவர்களைப் பற்றியும் கர்த்தர் பேசியிருக்கிறார், மத்தேயு 19-ஐ வாசித்துப் பாருங்கள். ஆகவே அவர்களை யாரும் குற்றவாளிகளாய்ப் பார்க்கவேண்டாம்.

துரோகம் செய்த சகோதரனே, சகோதரியே, மோனிக்காபோல ஒருவர் உனக்காக முழங்காலில் நிற்கிறார் என்று தைரியமாகப் பாவத்தில் இருந்துவிடாதே. பத்ரீசியுவுக்கு மிஞ்சினது கொஞ்ச காலம்தான். உனக்கு எவ்வளவு என்று உனக்குத் தெரியாது. இன்றைக்கே மறைவானதை வெளிச்சத்துக்குக் கொண்டுவா. அந்தத் தொடர்பை முற்றிலும் அறுத்துப்போடு. கேட்கிற கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்லு. காயப்பட்டவருக்கு ஆற நாள் கொடு.

சபையாரே, இப்படிப்பட்ட குடும்பங்களின் ரகசியம் உங்கள் காதுக்கு வந்தால், அது ஜெப அறையைத் தாண்டி வெளியே போகவேண்டாம்.

ஜெபம்: அன்பின் பரம தகப்பனே, உடைந்த வீடுகளின்மேல் உம்முடைய கரத்தை வையும். பாவம் செய்தவர்களுக்கு மனந்திரும்புதலையும், காயப்பட்டவர்களுக்கு ஆறுதலையும் தாரும். பதில் வராத வருஷங்களிலும் உம்மைப் பற்றிக்கொள்ளக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.