மண்டையோட்டிலிருந்து இரத்தத் துளிக்கு: இராவதி கார்வேயின் ஆய்வுப் பயணம்

புணே: சாதியின் எல்லைகள் மனித உடலிலும் பதிந்துள்ளனவா என்ற கேள்வியை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த மானுடவியலாளர் இராவதி கார்வே, 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி பர்மாவில் பிறந்தார். அங்குள்ள ஐராவதி ஆற்றின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. புணேயில் கல்வி பயின்ற அவர், சமூக சீர்திருத்தவாதி தோண்டோ கேசவ் கார்வேயின் மகனும் வேதியியலாளருமான தினகரை மணந்தார்.

1928-இல் மேற்படிப்புக்காக பெர்லின் சென்றார். ஐரோப்பியரின் அறிவு மேன்மை அவர்களது மண்டையோட்டின் சமச்சீரின்மையில் வெளிப்படும் என்பது பேராசிரியர் ஆய்கன் ஃபிஷரின் கருதுகோள். மண்டையோடுகளை அளந்து பார்த்த இராவதி, சமச்சீரின்மைக்கும் இனத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வேட்டில் எழுதினார். தமது வழிகாட்டியையே மறுப்பது அயல்நாட்டு மாணவி ஒருவருக்கு எளிய செயலன்று. ஃபிஷரின் கருத்துகள் பின்னர் நாஜிகளின் இனக் கொள்கைக்குத் துணைபோயின.

1939 முதல் புணே டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய இராவதி, அளவுகோலைக் கைவிடவில்லை. மகாராஷ்டிர மக்களின் உடல் அளவுகளைத் திரட்டினார். அக்காலத்தில் மரபுக் கூறுகளை அறியக் கிடைத்த மற்றொரு வழி இரத்த வகை. கண்ணாடி வில்லையில் இட்ட இரத்தத் துளிகளுடன் எதிர்ப்புச் சீரங்களைக் கலந்து, சிவப்பணுக்கள் திரள்கின்றனவா எனப் பார்ப்பதே அதன் முறை. ஆனால் அது மரபணுவை நேரடியாகக் காட்டாது. 'ஏ' வகையினர் அம்மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவரா, ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரா என்பது அதில் தெரியாது. பலரது முடிவுகளைக் கொண்டு விகிதத்தைக் கணக்கிடவே இயலும். 1952-இல் மும்பையில் மருத்துவர் பெண்டே குழுவினர் அறிவித்த 'பாம்பே' வகையும் வழக்கமான சோதனையில் 'ஓ' போலவே தோன்றும். எனினும் அவ்வகையினருக்கு 'ஓ' இரத்தம் பொருந்தாது.

ஒரே பெயர் கொண்ட சாதிகள் ஒரே குடியிலிருந்து பிரிந்தவை என்ற பொதுவான கருத்தை இராவதி ஏற்கவில்லை. குயவர் எனப்படுவோரும் வெவ்வேறு அகமணக் குழுக்களின் தொகுப்பே என்றார். ஒரே படிநிலையிலுள்ள எட்டு அகமணக் குழுக்களை உயிரியல் அடிப்படையில் ஒப்பிட்டு, கே.சி. மல்ஹோத்ராவுடன் எழுதிய கட்டுரை 1968-இல் வெளியானது. மகாபாரத மாந்தர்களை ஆராயும் 'யுகாந்தா' நூல் அவருக்கு சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்ததும் அதே ஆண்டில்தான். பலருக்கு அவரை அந்நூல் வழியாகவே தெரியும்.

1970 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இராவதி காலமானார். டிஎன்ஏவைப் பன்மடங்கு பெருக்கும் பிசிஆர் முறை 1980-களில் வந்தது. சிவப்பணுக்கள் காட்டாத மரபணு வேறுபாடுகளை ஆய்வகங்கள் இன்று அதன் மூலமும் கண்டறிகின்றன.