தம்மை மறைத்துக்கொள்ள மறுத்த தலைவர் இரட்டைமலை சீனிவாசனார்

ஒரு சமுதாயத்தின் விடுதலை வரலாறு, அச்சமுதாயத்திலே முதன்முதலாக நிமிர்ந்து நின்று, தம்மை இன்னார் என்று அறிவித்துக்கொண்ட பெருமக்களிடமிருந்தே தொடங்குகிறது. நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், அத்தகைய முன்னோடிகளுள் ஒருவரான திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்வை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி, இதனை எழுத முற்படுகின்றோம்.

1860ஆம் ஆண்டையொட்டிச் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பமொன்றில் சீனிவாசனார் பிறந்தார். கோயம்புத்தூரில் கல்வி பயின்ற காலத்தில், அங்குப் படித்த ஏறத்தாழ நானூறு மாணவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் யாவரும் பிராமணர்களே. சக மாணவர்கள் ஊரையும் உறவையும் வினவித் தம் சாதியை அறிந்துவிடுவார்களோ என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே எங்கேனும் இருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்தபின் உள்ளே செல்வார். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மை நெருங்கிப் பேசாதபடி விரைந்து வீடு திரும்புவார். ஓடி விளையாட வேண்டிய வயதில் ஒதுங்கி நின்ற இவ்வேதனையை, 1939இல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே பதிந்துள்ளார். அஞ்சி ஒதுங்கிய இந்தச் சிறுவனே பிற்காலத்தில் என்ன செய்தான் என்பதுதான் நாம் கருத்தூன்றிக் காணவேண்டியது.

கல்விக்குப்பின் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனங்களில் கணக்கர் வேலை பார்த்தார். நம் மக்களுள் பெரும்பாலோர் பண்ணை அடிமைகளாய் உழன்ற அந்நாளில், மாதந்தோறும் ஊதியம் தரும் எழுத்து வேலை எளிதிற் கிட்டுவதன்று. சாதி அறியப்படாமலே காலத்தைக் கழித்து, தம் குடும்பத்தை மட்டும் பேணி அவர் அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு வாழ்ந்திருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்கவும் மாட்டார். ஆயினும் 1890இல் அவ்வேலையை விடுத்துச் சென்னைக்கு வந்து, நம் மக்களின் வரலாற்றையும் வாழ்நிலையையும் ஆராயும் பணியில் இறங்கினார்.

1891இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் நான்கு பக்கங்கள் கொண்ட மாத இதழாகப் 'பறையன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். பின்னர் அது வார இதழாயிற்று. ஊரார் இழிவாக உச்சரித்த பெயரையே இதழின் தலைப்பாகப் பொறித்தபோது நம்மவருள்ளும் பலர் திகைத்தனர். கல்வியும் பதவியும் பெற்றோர் தம்மை மறைத்துக்கொள்ளும்வரை, அப்பெயரின் மேல் படிந்த இழிவு நீங்காது என்பது அவருடைய கருத்து. உயர்ந்தவர் மறைந்துகொண்டால், தாழ்ந்து கிடப்போருக்காகப் பேசுவதற்கு ஆள் இராதன்றோ!

இந்தியாவிலும் சிவில் சர்வீஸ் தேர்வு நடத்தப்படவேண்டும் என்று காங்கிரஸ் கோரியபோது, 1893இல் சென்னையில் கூட்டம் கூட்டி அதனை எதிர்த்தார். அவ்வாறு நடந்தால் உயர்சாதியினரே அதிகாரிகளாகி நம் மக்களை மேலும் ஒடுக்குவர் என்பது அவர் அச்சம். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமான விண்ணப்பம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. நாடெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்த ஓர் இயக்கத்துக்கு எதிராகத் தனித்து நிற்பது எளிய செயலன்று. 1896இல் இதழில் வெளியான கடிதம் ஒன்றின்பொருட்டு வழக்குத் தொடரப்பட்டு, நூறு ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. அதன் பின்னரும் அவர் இதழை நிறுத்தவில்லை. 1900வரை அது வெளிவந்தது.

அவ்வாண்டில் இலண்டன் செல்லும் நோக்குடன் கடல் கடந்தார். பயணம் ஆப்பிரிக்காவோடு நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அந்நாட்டில் இருந்த காந்தியடிகள் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொண்டது இவரிடமே என்பர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அயல்நாட்டில் வாழ்ந்து, 1921இல் தாயகம் திரும்பினார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வு கொள்ளும் பருவத்தில் அவர் மீண்டும் பொதுவாழ்வில் புகுந்தார்.

1923இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றை எல்லாச் சாதியினரும் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமையை உறுதிசெய்யும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். இன்று நாம் தலை நிமிர்ந்து நடக்கும் தெருக்களில் அவர் உழைப்பும் கலந்துள்ளது. பள்ளிக்கு வெளியே ஒதுங்கி நின்ற சிறுவன், தன் மக்கள் எவரும் எந்தப் பொது இடத்துக்கும் வெளியே நிற்கலாகாது என்று சட்டமன்றத்தில் வாதாடும் நிலைக்கு உயர்ந்த வரலாறு இது.

1930இலும் 1931இலும் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதியாக அமர்ந்தார். எழுபது வயது முதியவர் அத்துணைத் தொலைவு கடல் கடந்தது, தனித் தொகுதி உரிமையை நாட்டுவதற்காகவே. 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். 1936இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இளைஞர்களே! இன்று நம்மிடையே படித்துப் பணியிலமர்ந்தோர் பலர் உள்ளனர். நகரங்களில் வாடகை வீடு கிடைக்காதோ, உடன் பணிபுரிவோர் விலகுவரோ என்றஞ்சித் தம் ஊரையும் உறவையும் சொல்லத் தயங்குவோர் இன்றும் இருக்கின்றனர். அவர்களைப் பழிக்க நாம் விரும்பவில்லை. அவ்வச்சத்தைச் சீனிவாசனாரும் மாணவப் பருவத்தில் அறிந்தவரே. ஆனால் அதையே தம் வாழ்நாள் முழுவதற்கும் உறைவிடமாக்கிக்கொள்ள அவர் உடன்படவில்லை.

நம் சங்கம் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகப் புகட்டிவரும் கல்வி, தனியொருவர் தப்பிச்செல்லும் வழியாக முடிந்துவிடலாகாது. நீங்கள் பெறும் வேலையும் ஊதியமும் உங்களுக்கு உரியவை. அவற்றோடு, சேரிக்குத் திரும்பி வந்து ஒரு மாலைப் பொழுதேனும் ஒரு பிள்ளைக்கு எழுத்தறிவித்தல் உங்கள் கடமை. முன்பின் அறியாத அவையில் எழுந்து பேசவும், தொலைவான ஊரில் சென்று பயிலவும், நம் மக்களின் பெயரால் ஒரு விண்ணப்பம் எழுதி முதற் கையொப்பம் இடவும் துணியுங்கள். அத்துணிவே சீனிவாசனாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.